விழக்கூடாத எண்

வால்தோர்னா
செப்டம்பர் 14

அண்ணா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உறைக்குள் லாட்டரிச் சீட்டு இருப்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நம் பேக்கரியில் வருடந்தோறும் எடுக்கிற வழக்கமான எண்தான், 41,836. முழுச் சீட்டின் பத்துத் துண்டுகளில் உன்னுடைய துண்டு. கிறிஸ்துமஸ் குலுக்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருபது யூரோவை நீ வரும்போது கொடுத்தால் போதும்.

வரும்போது என்று கை தானாக எழுதிவிட்டது. பிப்ரவரியில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் நீ இல்லை. ஆட்டுக்கறி அடுப்பிலிருந்தது, உனக்கும் தட்டு வைத்திருந்தேன். நீ சரகோசா பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்று எதிர் பாரிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். ஏன் போனாய் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை.

லாட்டரிக் கடை ரெமேதியோஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அப்படியேதான் இருக்கிறாள், கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால், முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. நான் போனதும் கடைக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

“எண்ணு இன்னும் உங்கப்பா பேர்லதான் நிக்குது பெனித்தா. செத்தவர் பேர்ல எத்தனை வருஷம் நிறுத்தி வெக்கிறது?”

“என் பேருக்கு மாத்திடு.”

“உன் பேருக்கு மாத்துனா உங்கண்ணன் வந்து கேப்பான். அவன் பேருக்கு மாத்துனா நீ வந்து நிப்பே. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் குடுங்க. நாளைக்கு விழுந்துச்சுன்னா என் கண்ணாடி முன்னால அடிச்சுக்கக் கூடாது.”

“நாப்பது வருஷமா விழலையே.”

“அதான் சொல்றேன். இனிமேதான் விழணும்.”

ஜனவரியில் அவள் அடுத்த வருடத்துக்கான எண்களைத் திரும்ப எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அதற்குள் தாள் போகாவிட்டால் எண் கையை விட்டுப் போய்விடும். போனால் எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். நெடுஞ்சாலையோரம் புதிதாக வந்திருக்கும் பெட்ரோல் பங்க்கில் கஃபே வைத்திருப்பவன் ரெமேதியோஸிடம் வந்து, “ஊர்க்காரங்களுக்குப் பழகின எண்ணு ஒண்ணு இருந்தா குடுங்க, புது எண்ணை எவனும் வாங்க மாட்டேங்கறான்” என்று கேட்டிருக்கிறான்.

எண் இனி நம் இருவர் பெயரிலும் என்று எழுதிய தாளையும் இதே உறையில் வைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். கீழே உன் பெயர் இருக்கிற இடத்தில் நீ போட்டு அனுப்பு. அப்பாவின் துண்டு இனி என் மகளுக்கு. மற்றபடி அதே ஆட்கள்தான்.

பெனித்தா


சரகோசா
செப்டம்பர் 29

பெனித்தா,

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். தாளையும் அனுப்புகிறேன், கையெழுத்தில்லாமல். இரண்டும் ஒரே உறையில் இருக்கின்றன, வந்து சேர்ந்ததும் பார்த்துக்கொள்.

இதில் கோபம் எதுவும் இல்லை. நான் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் இதையே ஒரு பாடமாக எடுக்கிறேன். மக்கள் போடும் ஒவ்வொரு நூறு யூரோவிலும் முப்பதை அரசு முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் குலுக்கிப் பிரிக்கிறார்கள். நூறு ரொட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுபதை மட்டும் அடுக்கி வைக்கிற பேக்கரி இருந்தால் அதற்கு யார் இரண்டாம் முறை போவார்கள்? நீ உன் கடையில் ஒரு நாள் செய்து பார். அதையே அரசு செய்தால் மூலைக்கு மூலை வரிசையில் நிற்கிறார்கள், குளிரில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

கூண்டுக்குள் ஒரு லட்சம் மர உருண்டைகள். அவற்றில் ஒன்றின் மேல் 41,836 என்று எழுதியிருக்கிறது. அப்பா நாற்பது வருடம் காத்திருந்தது அந்த உருண்டைக்குத் தெரியாது. இனிமேல்தான் விழ வேண்டும் என்று ரெமேதியோஸ் சொல்வது, எண் இத்தனை நாள் வேறு வேலையாகப் போயிருந்தது என்று சொல்வதற்குச் சமம். அவள் விற்கிறவள், சொல்லட்டும். நீ நம்புவதுதான் எனக்கு வியப்பு.

எங்கள் ஆசிரியர் அறையிலும் வாங்குகிறார்கள். இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன்கூட வாங்குகிறான். வாங்காதவன் நான் ஒருவன்தான். பள்ளி வாசல் காவலாளி கோஸ்மே வருடந்தோறும் சீட்டுக்கட்டை நீட்டுகிறான்.

“வாத்தியாரே, இந்தத் தடவையும் வேண்டாமா?”

“வேண்டாம்.”

“நல்லா யோசிச்சுக்கங்க. நாளைக்கு நாங்க எல்லாரும் பணக்காரங்களாகி வேலையை விட்டுட்டா, இத்தனை வகுப்புக்கும் நீங்க ஒருத்தரேதான் போகணும்.”

“இப்பவும் அப்படித்தானே போயிட்டிருக்கு.”

அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற மற்ற ஆசிரியர்கள் சிரிக்கவில்லை. துறைத்தலைவர் பதவி மூன்று முறை என்னைத் தாண்டிப் போனதற்கு என் நாக்குதான் காரணம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் என்னைத் தாண்டிப் போனவர்களில் ஒருவருக்கும் கரும்பலகையில் ஒரு நிரூபணத்தைப் பார்க்காமல் எழுதத் தெரியாது.

அன்று ஏன் பஸ் ஏறினேன் என்று நீ கேட்கவில்லை என்றாய். சொல்லிவிடுகிறேன். தேவாலய வாசலில் துக்கம் விசாரிக்க ஊர் வரிசையாக வந்தது. குடும்பத்தின் முதல் ஆளாக நின்றது உன் புருஷன் சத்தூரியோ. மகன் நான் இரண்டாவது. எல்லாரும் அவன் கையைப் பிடித்து, தோளைத் தட்டி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னைத் தாண்டி உன்னிடம் வந்தார்கள். ஒரு கிழவி என்னைக் காட்டி, “இது யாரு?” என்று அவனிடம் கேட்டாள். “மச்சான், சரகோசால வாத்தியாரா இருக்காரு” என்று அவன் அறிமுகம் செய்துவைத்தான். என் அப்பாவின் சாவில் என்னை அவன் அறிமுகம் செய்துவைத்தான்.

எனக்குப் படிப்பைக் கொடுத்துவிட்டு, பேக்கரியையும் வீட்டையும் ஊரையும் மருமகனுக்குக் கொடுத்தார் அப்பா. அது அவர் விருப்பம். எண்ணையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் கணக்கில் தவறான ஒன்றுக்குக் கீழே நான் என் பெயரைப் போடுவதில்லை.

எவேலியோ


வால்தோர்னா
அக்டோபர் 11

அண்ணா,

உன் கடிதத்தைச் சத்தூரியோவுக்குப் படித்துக் காட்டினேன், தேவாலய வாசல் பகுதியைத் தவிர. மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில், “அவர் சொல்றது சரிதான். கணக்கு சரி. ஆனா இங்க யாரு கணக்குக் கேட்டா?” என்றார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். அரசு முப்பதை எடுத்துக்கொள்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? எதிர்வீட்டுப் பிலாருக்குத் தெரியும், கறிக்கடைக்காரருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. குலுக்கல் நாள் மத்தியானம் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, “ராஜாவுக்கு ஒரு ரொட்டி கடன் குடுத்தாச்சு” என்பார். ஒரு முறைகூட முகம் வாடிப் பார்த்ததில்லை.

நாங்கள் ஜெயிப்பதற்காக வாங்கவில்லை. மற்ற ஒன்பது பேருக்கு விழுந்து நமக்கு மட்டும் விழாமல் போனால் அதற்கு மறுநாள் காலையில் எப்படி எழுந்திருப்பது? அந்த ஒரு காலை வந்துவிடக் கூடாது என்றுதான் இருபது யூரோ கொடுக்கிறோம். பிலார் ஒரு தடவை பணமில்லாமல் வாங்காமல் விட்டாள். நவம்பர் முழுக்கத் தூக்கமில்லை என்று ஓடி வந்து, கம்மலை அடகு வைத்துத் துண்டை எடுத்துக்கொண்டாள். அந்த வருடமும் ஒன்றும் விழவில்லை. “அப்பாடா” என்றாள். இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறாய்?

பக்கத்து ஊர்ச் சவரக்கடைக்காரனை உனக்கு ஞாபகம் இருக்கும், உயரமாக, ஒரு கண் கொஞ்சம் ஒதுங்கினவன். தன் வாடிக்கையாளர்களுக்காக வருடக்கணக்கில் ஒரே எண்ணை வாங்கி வந்தவன், ராசியில்லை என்று அதை விட்டுவிட்டு வேறு எண் எடுத்தான். அடுத்த டிசம்பரில் பழைய எண்ணுக்கு மூன்றாம் பரிசு. எங்கோ தூரத்தில், லூகோவில், யாரோ வாங்கியிருந்தார்கள். ஊரில் யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தப்பித்திருப்பான். “பரவாயில்லப்பா, உனக்கெப்படித் தெரியும்” என்று தட்டிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். இப்போது அவன் போன் உறை விற்கிறான், சோரியாவில்.

நான் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் இந்த முகங்களைத்தான் பார்க்கிறேன். 41,836 பெட்ரோல் பங்க்குக்குப் போய், அங்கே வண்டியை நிறுத்திக் காப்பி குடிக்கிற கலீசியா லாரிக்காரர்களுக்கு விழுந்தது என்று வைத்துக்கொள். கல்லாவுக்குப் பின்னால் என்னால் நிற்க முடியாது. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ரொட்டியை வேறு எங்காவது வாங்குவார்கள். ஒரு லட்சத்தில் ஒன்று என்று நீ சொல்வாய். அந்த ஒன்றோடு வருடம் முழுவதும் படுத்து எழுந்திருக்கப் போகிறவள் நான்.

இன்னொன்று. தேவாலய வாசலில் முதலில் நிற்கச் சொல்லிச் சத்தூரியோவைப் பிடித்துத் தள்ளியது நான்தான். சவப்பெட்டி இறங்கியபோது நீ சுவரோரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாய். ஜனங்கள் வந்துவிட்டார்கள். யாராவது நிற்க வேண்டியிருந்தது.

சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். எங்கள் எல்லாரையும் விட உனக்குத்தான் அந்தத் துண்டு அவசியம். யார் முன்னால் நின்றார்கள் என்பதையே எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருப்பவன் நீ. எங்களுக்கு விழுந்தால் தாங்குவாயா?

தாளை மறுபடி அனுப்புகிறேன்.

பெனித்தா


சரகோசா
நவம்பர் 3

பெனித்தா,

பொறாமைக்கு எடுக்கும் காப்பீடு என்று இதற்குப் பெயர் வைக்கலாம். பாராட்டுகிறேன், இவ்வளவு தெளிவாக எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் சொன்னதில்லை. ஆனால் காப்பீடு எடுக்க ஒருவனுக்கு அந்த ஆபத்து இருக்க வேண்டும். எனக்கு இல்லை. உங்களுக்கு நான்கு லட்சம் விழட்டும், சத்தூரியோ மெர்சிடிஸில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு வரட்டும். எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடக் குறையாது.

சவரக்கடைக்காரன் கதை என் பக்கத்துச் சாட்சி. பழைய எண்ணும் புதிய எண்ணும் சமம். அவன் மாற்றியதால் எதையும் இழக்கவில்லை. இழந்தான் என்று ஊர் நினைத்தது, அவனும் நினைத்தான். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து தப்பாக நினைத்தால் ஒரு கடை மூடிவிடுகிறது. இதற்குப் பயந்து நான் கையெழுத்துப் போட்டால் அந்த ஊரில் நானும் ஒருவன்.

சிகரெட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் ஒரு சிகரெட் பிடித்தேன். உண்மை. அதற்குத் தண்டனை வரிசையில் இரண்டாவது இடம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். இத்தனை கடிதம் நீ எழுதுகிறாய். எண் யாருடைய கடைக்கு வேண்டும்? சத்தூரியோவின் கடைக்கு. அவன் ஒரு வார்த்தை கேட்டானா? பேக்கரி வந்தபோதும் கேட்கவில்லை, தானாக வந்தது. இதுவும் தானாக வரும் என்று மாவு பிசைந்துகொண்டிருக்கிறான். கையெழுத்து வேண்டுமென்றால் தாளை எடுத்துக்கொண்டு அவன் இங்கே வரட்டும். என் வீட்டு மணியை அவன் அடிக்கட்டும். அப்போது பார்க்கலாம்.

தாளை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன்.

எவேலியோ


வால்தோர்னா
நவம்பர் 24

அண்ணா,

சத்தூரியோ ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியும்.

வரச் சொல்லி நான் சொல்லவில்லை. உன் கடிதம் மேசை மேல் இருந்தது, எடுத்துப் படித்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி அடுப்பு வேலை முடிந்ததும் படுக்காமல் சட்டையை மாற்றிக்கொண்டார். கழுத்துப்பட்டை வேறு. “எங்க போறீங்க?” என்றால், “மச்சான் கூப்பிட்டிருக்காருல்ல” என்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கழுத்துப்பட்டை கட்டி அப்பாவின் சாவுக்கு ஒரு தடவைதான் பார்த்தேன். உனக்குப் பிடிக்கும் என்று சோம்பு போட்ட ரொட்டி இரண்டு எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பி வந்து, “வீட்ல ஆளில்ல” என்றார்.

“மணி அடிச்சீங்களா?”

“அடிச்சேன்.”

“ஒரு தடவையா?”

“ரெண்டு மூணு தடவை. வாத்தியாரு ஞாயித்துக்கிழமை எங்கயாவது நடக்கப் போயிருப்பாரு. ரொட்டியையும் தாளையும் கீழ இருக்கற பார்ல குடுத்துட்டு வந்துட்டேன்.”

ராத்திரி பாத்திரம் கழுவும்போது மறுபடி கேட்டேன். அப்போதுதான், தெருவிலிருந்து பார்த்தால் மாடியில் விளக்கு எரிந்தது என்று சொன்னார். அதையும் உன் பக்கமே பேசினார். “அணைக்க மறந்திருப்பாரு, விடு.”

நான் மறுபடி கேட்க மாட்டேன். ரெமேதியோஸிடமும் சொல்லிவிட்டேன். ஜனவரியில் பங்க்குக்காரனுக்கு எழுதிக்கொள்ளட்டும். கடையில் நானே எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும், இன்னும் சொல்லவில்லை. இந்த டிசம்பர் முடியட்டும் என்றிருக்கிறேன்.

நீ திருப்பி அனுப்பிய துண்டை விற்றுவிட்டேன். ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. புது மருந்துக்கடைக்காரர் ரொட்டி வாங்க வந்தவர், “உங்க எண்ணுல எனக்கெல்லாம் இடம் கிடைக்காதுங்களா?” என்று கேட்டார். வேனிற்காலத்தில்தான் இந்த ஊருக்கு வந்தார். இடம் இருக்கிறது என்றேன். துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடையில் நின்ற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்.

பெனித்தா


சரகோசா
டிசம்பர் 22

பெனித்தா,

அன்று வீட்டில்தான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் மூன்று முறை அடித்தான், ஒவ்வொரு முறைக்கும் நடுவே நிறைய நேரம் விட்டான். மூச்சு வாங்கினான், நான்கு மாடி. கதவைத் திறந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் வருவான் என்று நினைத்து நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. ரொட்டியைப் பாரில் வாங்கிக்கொண்டேன். நன்றாக இருந்தது. அப்பாவுடையதை விட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ எழுப்பிய ஒரு கேள்விக்கு நான் தவறான விடை சொல்லியிருந்தேன். அதைத் திருத்தாமல் விடுவது என் வழக்கமல்ல.

பள்ளி நேற்றோடு மூடிவிட்டது. காலையில் திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வானொலியைப் போட்டேன். கேட்பதற்காக அல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த நாளில் கட்டடம் முழுக்க அந்தச் சத்தம்தான், சுவர் வழியாக எப்படியும் வரும், நம்முடையதைப் போட்டால் தெளிவாகவாவது இருக்கும். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று எண்ணைப் பாடும், மற்றது பரிசைப் பாடும். அதே ராகம், நாம் அப்பாவின் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டது.

கொஞ்ச நேரத்தில் தாள்களைத் திருத்தவில்லை என்று கவனித்தேன். ஒரே தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எண்ணின் தொடக்கத்தையும் கேட்டுவிட்டு மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று இல்லை. இதுவும் இல்லை. நான் காத்திருந்தேன் என்பதை முதலில் ஆர்வம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு முறையும் நான் வேண்டிக்கொண்டிருந்தது அது வரக் கூடாது என்று.

உனக்கு, உன் மகளுக்கு, என் கதவு முன்னால் மூச்சு வாங்க நின்ற அந்த மனிதனுக்கு, கம்மலை அடகு வைத்த பிலாருக்கு, ஒருவருக்கும் விழக் கூடாது. மருந்துக்கடைக்காரனுக்கு விழவே கூடாது. அவனை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் என் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கை கொடுத்துக்கொண்டிருப்பது மட்டும் கண்ணுக்குள் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு பெண்குழந்தை பாடியது: நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று முப்பத்து. அங்கே அது மூச்சு எடுத்தது. எடுக்கும் இடமே அல்ல, குழந்தைக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பத்தில் ஒரு வாய்ப்பு என்று என் தலை சொன்னது, வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு, மூன்று என்றது. அடுத்த குழந்தை ஆயிரம் யூரோ என்று பாடியது. சின்னப் பரிசுதான். அதைச் சரியாகக் கேட்கவில்லை. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறு வயதில், கையில் சிவப்புப் பேனாவோடு, தனியாக அறையில் நின்று, என் தங்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

என்னிடம் அந்தத் துண்டு இருந்திருந்தால் இந்தக் காலை வேறு மாதிரி இருந்திருக்கும். நான் வழக்கம்போல எரிச்சல்பட்டிருப்பேன், அவ்வளவுதான். லாட்டரி வாங்குவது லாபமல்ல என்று இப்போதும் சொல்கிறேன், அடுத்த டிசம்பரிலும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் காப்பீடு எடுக்கும் ஆபத்து எனக்கு இல்லை என்று நவம்பரில் எழுதியது தவறு.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரெமேதியோஸிடம் கொடுத்துவிடு, நேரம் கடந்திருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டுக்கு எனக்கொரு துண்டு இருக்குமா என்று கேட்டுப் பார். மருந்துக்கடைக்காரரிடம் திருப்பிக் கேட்காதே. இல்லையென்றால் பரவாயில்லை.

எவேலியோ


வால்தோர்னா
டிசம்பர் 29

அண்ணா,

தாள் வந்தது. நேற்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெமேதியோஸ் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு உன் கையெழுத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

“உங்கண்ணன் கையெழுத்துதானா? நீயே போட்டுட்டு வரலையே?”

“போட்டிருந்தா செப்டம்பர்லயே போட்டிருப்பேன்.”

“எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. நீ ஏன் பண்ணல?”

எனக்கு அது தோன்றவே இல்லை. சொன்னால் சிரித்தாள். எண்ணை நம் இருவர் பெயரிலும் எழுதிக்கொண்டாள். பங்க்குக்காரனுக்கு வேறு ஏதோ கொடுத்துவிட்டாளாம். பதினோராவது துண்டு கிடையாது என்கிறாள். அதனால் என் துண்டில் பாதி உனக்கு. பத்து யூரோ. தபாலில் அனுப்பாதே, நேரில் வந்து கொடு. இந்தத் தடவை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

சத்தூரியோ கதவு விஷயத்தை இனிக் கேட்க மாட்டார். ரொட்டி பிடித்திருந்தது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், அப்பாவுடையதை விட என்பதையும் சேர்த்து. வெளியே போய் விறகு அடுக்கிவிட்டு வந்தார். அடுக்க வேண்டிய விறகு எதுவும் இருக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி இங்கே நடந்ததையும் உனக்கு எழுத வேண்டும். நீ எழுதியிராவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

கடையில் நல்ல கூட்டம். அலமாரி மேல் வானொலி. பிலார், கறிக்கடைக்காரர், எல்லாரும் ரொட்டியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் வெள்ளை அங்கியோடு ஓடி வந்தார், தன் கடையில் நின்ற ஆட்களை அப்படியே விட்டுவிட்டு. அந்தக் குழந்தை நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று முப்பத்து என்று பாடி மூச்சு எடுத்ததே, அப்போது சத்தூரியோ அடுப்பிலிருந்து தட்டை இழுத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிலார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். நான் அந்தச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா. உன் பெயரை உறையில் எழுதி நான் அனுப்பின சீட்டு.

விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் மகளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அடுப்பு இந்தக் குளிர்காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். பிலாரின் விரல் என் விரலுக்குள் இருந்தது, அவள் மகன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வேண்டிக்கொண்டேன். விழுந்துவிட்டால் நீ இனி இந்த ஊருக்கு வர மாட்டாய். நான் கூப்பிட்டால் பணக்காரத் தங்கை கூப்பிடுகிறாள் என்றுதான் உனக்குப் படும். பங்கு கொடுத்தால் பிச்சை என்று திருப்பி அனுப்புவாய், பதிவுத் தபாலில். அப்பாவும் இல்லை. எனக்கு முன்னால் பிறந்தவன் என்று இருப்பது நீ ஒருவன்தான்.

மூன்று என்று குழந்தை பாடியதும் கடையே, “ச்சே” என்றது. நானும் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சத்தூரியோவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

பெனித்தா